சீல் உடைக்காத டியூப்

நோய்நொடியே வராத ஆளோட குடித்தனம் பண்றது எவ்வளவு கஷ்டம்னு என்னைக் கேளுங்க. எங்க வீட்டுக்காரர் ஜிம் வெச்சு நடத்துறார். ஊரே மாஸ்டர்னுதான் கூப்பிடும். தலைவலின்னு ஒருநாள் படுத்தது கிடையாது. அந்தத் திமிரை வெச்சுக்கிட்டு என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டார்.

நான் துணிக்கடையில வேலை பார்க்கிறவ. ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் நின்னுட்டேதான் இருக்கணும், உட்கார்ந்தா முதலாளிக்குப் பொறுக்காது. நின்னு நின்னு வலது இடுப்பு மூட்டு தேஞ்சே போச்சு. மாத்தியே ஆகணும்னு டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்தார். அதுக்கு முன்னாடி மூக்குல குச்சி விட்டு டெஸ்ட் பண்ணினா, உள்ள ஒரு கிருமி குடியிருக்குன்னாங்க. சும்மா இருக்கிறவங்களை அது ஒண்ணும் பண்ணாதாம். வழக்கமா குடுக்கிற மருந்துக்கு அது சாகாதாம். தோல் கீறின இடத்துல இறங்கினா கட்டி கிளப்புமாம், கத்தி பட்ட இடத்துல இறங்கிட்டா புது மூட்டைப் பிடிச்சுக்கிட்டு விடாதாம். களிம்பு போட்டேன், மருந்து சோப்புல குளிச்சேன், இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு தினம் படுக்கை விரிப்பைக் கொதிக்கிற தண்ணியில அலசினேன். போயிடுச்சு. தேதி வர்றதுக்குள்ள திரும்பி வந்துடுச்சு.

வீட்டுல வேற யாருக்கோ இருக்குன்னார் டாக்டர். வீட்டுல வேற யாரு? இவரை இழுத்துட்டுப் போனேன். டெஸ்ட் பண்ணினா இவர் மூக்குலயும் அதேதான். மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. கல்லு மாதிரி இருக்கிறவனை வியாதிக்காரன்னு சொல்றாங்களேன்னு வழி நெடுகக் கத்தினார். டாக்டர் ஆளுக்கொரு டியூப் குடுத்திருந்தார். ரெண்டு பேரும் ஒண்ணா மூக்குல போடணும், இந்தத் தடவையும் கிருமி இருந்தா அடுத்த வருஷம்தான் தேதின்னு கண்டிப்பா சொல்லியிருந்தார்.

தினமும் கேட்டேன். போட்டாச்சு போட்டாச்சுன்னார். கண்ணாடி முன்னாடி நின்னு மூக்கைத் தேய்ச்சு வேற காட்டினார். நானும் நம்பித் தொலைச்சேன்.

டெஸ்டுக்குக் கிளம்புற அன்னைக்கு அலமாரியைத் துடைக்கும்போது அவரோட டியூப் கையில தட்டுப்பட்டுச்சு. மூடியைத் திறந்தா சீல் அப்படியே இருக்கு. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. ஊன்றுகோலை எடுத்துக்கிட்டு நேரா ஜிம்முக்குப் போனேன்.

பெஞ்சுல படுத்து கம்பி தூக்கினவன் எழுந்து, ஆணியில தொங்கின துண்டால முகத்தைத் துடைச்சான். அதே துண்டை இவர் வாங்கிக் கழுத்துல போட்டுக்கிட்டார். அவன் முழங்கையில பிளாஸ்திரி. இன்னொருத்தனுக்குப் பிடரியில. மூலையில நின்னவனுக்குத் தொடையில. என்னப்பா இதுன்னு கேட்டா, சூட்டுக் கட்டிங்க, தண்ணி நிறைய குடிக்கச் சொல்லியிருக்கார் மாஸ்டர்ங்கிறாங்க.

இத்தனை வருஷமா அவரை ஒருமையில பேசினதில்ல. டியூபை மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். "எனக்குக் குடுத்தது பத்தாதுன்னு இவங்களுக்கும் பங்கு வெச்சியா?"

ஒவ்வொரு பிளாஸ்திரியா பார்த்தார். அப்புறம் கழுத்துல கிடந்த துண்டைப் பார்த்தார். டியூபை வாங்கி, எல்லாரும் பார்க்க சீலை உடைச்சார். அன்னைக்கு உடைச்சு என்ன பிரயோஜனம்? டெஸ்ட்ல கிருமி இருந்துச்சு. தேதி போயே போச்சு. அதே துணிக்கடையில இன்னும் ஒரு வருஷம் நிக்கணும்.

இப்போ ஜிம்முல ஆளுக்கொரு துண்டு. கட்டி வந்தவங்களை அவரே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். வீட்டுல மறுபடி ரெண்டு பேருக்கும் களிம்பு நடக்குது. காலையிலயும் ராத்திரியிலயும் போட்டுக்கிட்டு, என் முன்னாடி வந்து தலையை அண்ணாந்து நிக்கிறார். நேத்து மன்னிச்சுடுன்னு கேட்டார்.

"மூட்டு மாத்தினதும் கேளு, அப்போ யோசிக்கிறேன்"னேன்.

அவர் வாய்ச்சொல்லை இனிமே நம்புறதா இல்ல. அதனால ஒவ்வொரு வேளையும் நானே எழுந்து மூக்குல டார்ச் அடிச்சுப் பார்க்கிறேன். எழுந்திருக்கும்போது உயிர் போகுது.