பாலத்தின் இரண்டு முனைகள்

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். மணி நாலு பத்து ஆகியும் மாப்பிள்ளை வீட்டார் பாலத்தின் அந்த முனையிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் தங்கை வாணியைப் பெண் கேட்டு வருகிறார்கள். தினமும் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற வழியில் அவளும் விவேக்கும் மூன்று வருடமாகப் பழகி, இப்போதுதான் பேச்சு வீடு வரைக்கும் வந்திருக்கிறது. விவேக்கின் அப்பா பாண்டுரங்கனுக்கு ராபர்ட்சன்பேட்டையில் பாத்திரக்கடை. எங்கள் அப்பா சம்பங்கி, தங்கச் சுரங்கம் மூடும்வரை பூமிக்கடியில் வேலை பார்த்தவர். சாம்பியன் ரீப்ஸில் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய அதே லைன் வீடுதான் இன்னும்.

கடைவீதிப் பக்கத்துக்கும் லைனுக்கும் நடுவில் ஒரு ஓடை. அதன்மேல் வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலம். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் நின்றுதான் ஆகவேண்டும், அவ்வளவு குறுகல். எத்தனையோ ஆயிரம் தடவை கடந்திருப்பேன். யாருக்காகவும் நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

காரில் சுற்றி வந்து வாசலிலேயே இறங்கலாம். பாலம் வழியாக வருவதுதான் நல்ல சகுனம், நாலரைக்குள் எங்கள் பக்கம் கால் வைத்தால் போதும் என்று சொல்லி அனுப்பியது அம்மா. வரவேற்க அப்பா, அம்மா, நான் மூவரும் இந்த முனையில் நின்றோம். வாணி வீட்டில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து "வந்துட்டாங்களா" என்று நாலு மெசேஜ் அனுப்பிவிட்டாள்.

அந்த முனையில் விவேக்கின் அம்மா சௌந்தரம் பழத்தட்டோடு நின்றார். அசையவில்லை. அப்பா கும்பிட்டார். அவர்களும் கும்பிட்டார்கள். அப்புறமும் அசையவில்லை.

"போன் போட்டு கூப்பிடலாம்டி சுனிதா" என்றாள் அம்மா.

"ஒண்ணும் வேணாம். கெஞ்சற மாதிரி ஆயிடும். லைன் வீட்டுப் பொண்ணுன்னு இப்பதான் யோசிக்கிறாங்கோ போல."

வாணிக்கு என்ன பதில் சொல்வேன்? நாலு இருபதுக்கு என்னால் தாங்க முடியவில்லை. அம்மா கையைப் பிடித்து இழுத்ததையும் உதறிவிட்டுப் பாலத்தில் விறுவிறுவென்று நடந்தேன். அப்பா பின்னாலேயே வந்தார்.

"இன்னாங்க, வர மனசில்லன்னா நேத்தே சொல்லியிருக்கலாமே" என்றேன், மூச்சு வாங்க.

சௌந்தரம் திகைத்துப் போனார். "நீங்க தாண்டி வரட்டும்னுதானேம்மா நிக்கிறோம்?"

"நாங்க எதுக்கு வரணும்?"

"ஷிப்ட் முடிஞ்சி களைச்சி வர்ற லைன்காரங்க அந்தப் பக்கம் நின்னா, அவங்க தாண்டுறவரைக்கும் கடைக்காரங்க பாலத்துல கால் வைக்கக்கூடாது. எங்க மாமனார் சொன்னது. அதுதான் எங்களுக்கு வழக்கம். உங்கப்பா அங்க நிக்கிறாரு, நாங்க எப்பிடி முந்திக்கினு வர்றது?"

விவேக் தலையைச் சொறிந்தான். "நான் சொல்லிப் பார்த்தேன் அக்கா. அம்மா கேக்கல."

ஆக, அத்தனை ஆயிரம் தடவையும் லைன் வீட்டுப் பெண் என்று எனக்காக யாரோ இந்தக் கடைவீதி முனையில் நின்றிருக்கிறார்கள். நான் கவனித்ததுகூட இல்லை. என் வாய்க்கொழுப்பை நினைத்து வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

"மன்னிச்சிக்கோங்க. நான் தப்பா நெனச்சிட்டேன்" என்றேன்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சுரங்க ஷாப்ட் மூடி இருபது வருசத்துக்கு மேல ஆச்சிம்மா" என்றார்.

"மூடினா இன்னாங்க? நீங்க இருக்கீங்களே" என்றார் பாண்டுரங்கன்.

மணி நாலு இருபத்தைந்து. அப்பா கடைவீதிப் பக்கமே பாலத்தை விட்டு இறங்கி மண்ணில் ஒதுங்கி நின்றார். என்னையும் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"இன்னிக்கி நாங்க நிக்கிறோம். நீங்க முன்னாடி போங்க."

சௌந்தரம் ஒரு கணம் தயங்கினார். பிறகு தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாலத்தில் கால் வைத்தார். பின்னால் பாண்டுரங்கன், கடைசியில் விவேக். அவர்கள் லைன் பக்கம் இறங்கி, அம்மா தட்டைக் கையில் வாங்கும்வரை நானும் அப்பாவும் நின்ற இடத்திலேயே நின்றோம்.

போன் சிணுங்கியது. வாணியின் ஐந்தாவது மெசேஜ்.

"வந்துட்டாங்க" என்று பதில் போட்டேன்.