கெதி ஐயாவின் எஞ்சின்

ஃபோர்மன் சிவசம்புவுக்கு நாங்கள் வைத்த பெயர் கெதி ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். சீக்கிரம் என்பதை அவர் ஊர்ப் பேச்சில் ‘கெதியா, கெதியா’ என்று சொல்லி ஆட்களை விரட்டாமல் அவருக்குப் பொழுது போகாது.

ஜொகூருக்கு ரயில் வந்து பத்து வருஷம்கூட ஆகாத சமயம். சீமையில் ஒரு பட்டறையில் ஒரே பகலில் எஞ்சின் பூட்டி ஓட்டினார்களாம். பாலோவிலிருந்த எங்கள் பட்டறையும் கப்பலில் வந்த பாகங்களை வைத்து அதைச் செய்யும் என்று சிவசம்பு துரையிடம் மார்தட்டினார். முதல் முயற்சியில், கொதிகலனைத் தூக்கும் சங்கிலியில் விரிசல் இருக்கிறது என்றார் என் வீட்டுக்காரர் வீரமுத்து.

“கதையாதை, கெதியாத் தூக்கு.”

சங்கிலி அறுந்தது. கொதிகலனுக்கு அடியில் செத்துக் கிடந்தவரைக் காட்டி, “கள்ளுக் குடிச்சிட்டு வந்தவன்” என்று சிவசம்பு துரையிடம் கூசாமல் சொன்னார். என் புருஷன் கள்ளை மோந்துகூடப் பார்த்ததில்லை.

பிறகு, அதே பட்டறையில் கூலியாக இருந்த என்னைச் சாம்பல் அள்ளப் பின்பக்கம் தள்ளினார். “புது எஞ்சினுக்கு முன்னால வந்திடாதை. உன்ர முழிவியளம் கூடாது.” தாலியறுத்தவள் எதிரே வந்தால் சகுனத் தடையாம். இருக்கட்டும் என்று காத்திருந்தேன்.

இரண்டாம் முயற்சியில் எஞ்சின் தயாராகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் அது நகர்ந்தால் அவருக்கு ஜெயம். சிங்கப்பூர் துரைமார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. நான் சாம்பல் கூடையோடு போய்த் தண்டவாளத்தின் நடுவில் நின்றேன்.

டிரைவர் மணியம் என் புருஷனின் கூட்டாளி. கீழே இறங்கிவிட்டார்.

“கருப்பாயி எதிர்ல நிக்குது. நான் எடுக்க மாட்டேங்க. நீங்க சொன்ன சகுனம்தானே” என்றார் பவ்யமாக.

சிவசம்பு என் கையைப் பிடித்து இழுக்க வந்தார். ஆட்கள் சுத்தியலோடு முன்னால் வந்தார்கள். அவர் நின்றுவிட்டார்.

“உனக்கு என்னடி வேணும்?”

“அவரு குடிக்கலன்னு சொல்லுங்க. துரை காதுல விழணும்.”

வெயில் ரப்பர் மரங்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் முறைத்தார். அப்புறம் கெஞ்சினார். நான் அசையவில்லை. பெரிய துரை கடிகாரத்தைத் தட்டிக் காட்டிய பிறகுதான் வாய் திறந்தது.

“வீரமுத்து குடிக்கேல்லை. சங்கிலி பழுது. நான்தான் தூக்கச் சொன்னனான்.”

அதையே இங்கிலீஷிலும் சொல்ல வைத்தேன். துரையின் முகம் கறுத்தது.

நான் விலகினேன். அதற்குள் பொழுது சாய்ந்திருந்தது. துரைமார் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

“இதைக் கொஞ்சம் கெதியாச் சொல்லியிருக்கலாமே ஐயா” என்றேன்.