ஒரு மூலை பாக்கி

ஏணி உச்சியில், திருகாணியைப் பல்லில் கடித்தபடி ஒலிபெருக்கிப் பெட்டியைச் சுவரில் பொருத்திக்கொண்டிருந்தபோது அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. கணவரின் அக்காவான நாத்தனார்.

"தம்பிக்கு மூச்சு ஒரு மாதிரியா இருக்கு. உடனே வா."

திருகாணியை முறுக்கி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். பாதியில் விட்டால் பெட்டி யார் தலையிலாவது விழும்.

அவள் வேலை பார்த்த இடம் மூடிக் கிடந்த ஒரு குளிர்பதனக் கிடங்கு. இடம் பிடித்துக் கொடுத்ததே அவள் கணவர்தான். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவர் பல வருஷம் அங்கே இயந்திரம் பார்த்தவர். "சுவரு அவ்வளவு தடிமன். வெளிய இடி விழுந்தாலும் உள்ள கேக்காது" என்று சாவி வாங்கித் தந்தார். ஐஸ் விரிசல் விடும் சத்தத்தை, அதன் மேலேயே மைக் ஒட்டிப் பதிவுசெய்து, கணினியில் இழுத்து நீட்டி, சுற்றிலும் மாட்டிய பெட்டிகள் வழியே அறைக்குள் நடமாட விடுவது அவள் வேலை. வருகிறவர்கள் அதற்குள் உலாவிக் கேட்கலாம். அவளுடைய முதல் சொந்தக் காட்சி. "நான் குளிரை விக்கிறேன், இவ சத்தத்தை விக்கிறா. ரெண்டையும் பொட்டலம் கட்ட முடியாது" என்று, படுத்த படுக்கையாகும்வரை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது நினைவோடுதான் இருந்தார்.

"எல்லாம் மாட்டிட்டியா?"

"ஒரு மூலை பாக்கி."

"அப்ப ஏன் வந்த?"

தலையணையைத் திருப்பிப் போட்டாள். குளிர்ந்த பக்கம் கன்னத்தில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். மதியத்துக்குள் மூச்சு நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்தது. கண்காட்சிக்காரர் போனில் தயங்கித் தயங்கி, திறப்பைத் தள்ளி வைக்கலாமே என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டினாள். நாத்தனார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"துக்கம் கேக்க ஆளு வந்துகிட்டே இருக்கு. நீ பாட்டுக்கு ஒயரைத் தூக்கிட்டுக் கிளம்பினா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பேசட்டும் அண்ணி. எனக்கு வேலை இருக்கு."

நாத்தனார் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். "ஏணியில ஏறி நீயும் விழுந்து வச்சா யாரு பாக்குறது? நட."

கடைசிப் பெட்டியை மாட்டும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டார். அதோடு முடியவில்லை. நடுவில் ஒருவர் கண்ணை மூடி நின்று, சத்தம் வரும் திசையைக் கைகாட்ட வேண்டும். அதைப் பார்த்து இவள் ஒவ்வொரு பெட்டியின் சத்த அளவையும் கூட்டிக் குறைப்பாள். சரியாக அமைந்துவிட்டால் பெட்டி இருப்பதே தெரியாது. ஒன்றுமில்லாத வெற்றிடத்திலிருந்து சத்தம் வரும். நடுவில் நிற்பது எப்போதும் கணவரின் வேலையாக இருந்தது.

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"தெரிய வேணாம் அண்ணி. காது இருக்குல்ல."

ஐஸ் முறிந்தது. நாத்தனார் கை நேராகப் பெட்டியைக் காட்டியது. அவள் அளவை மாற்றி மறுபடி ஓட்டினாள். மறுபடியும் பெட்டி. இன்னொரு முறை. இன்னொரு முறை.

"கால் கடுக்குதுடி."

"கொஞ்சம் பொறுத்துக்குங்க. கண்ணத் திறக்காதீங்க."

பின்சுவரிலிருந்து கிளம்பிய முறிவு மெதுவாக அறையைச் சுற்றியது. நாத்தனாரின் விரல் கூடவே போனது. பெட்டிகளைத் தாண்டியது, சுவரை விட்டு விலகியது, அருகில் வந்து நின்றது.

"இங்க" என்றார், குரலைத் தாழ்த்தி. "என் பக்கத்துல."

அவள் பார்த்தாள். நாத்தனாரின் பக்கத்தில் வெறும் தரைதான் இருந்தது. அளவை அப்படியே பதிந்து வைத்தாள்.

"போதும் அண்ணி. கண்ணத் திறக்கலாம்."

நாத்தனார் திறக்கவில்லை. கை நீட்டியபடியே இருந்தது.