கூட்டாளி கரையும் மாதம்

மரக்காணத்தில் ஆலோசனை நிறுவனம் நடத்திவந்த அருண்ராஜ், 2019ஆம் ஆண்டு ஆவணி மாதக் கடைசியில், தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உப்பாகிப் போனான். உப்பு விலை சற்று இறங்கியிருந்த வாரம் அது. காலையில் அலுவலகத்தைத் திறந்த மேரிசெல்வி அவன் முன்னால் டீ வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். டீயில் ஆடை படிந்த பிறகும் அவன் அதைத் தொடாததால் தோளைத் தட்டினாள். விரல் நுனி வெள்ளையானது. உப்பள ஊர்க்காரி என்பதால் விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவன் மனைவி யுவராணிக்குப் போன் செய்தாள். "அக்கா, சார் உப்பாயிட்டாரு. விளையாடலக்கா. நாக்குல வச்சுப் பாத்துட்டேன்."

யுவராணி அந்த நிறுவனத்தின் இன்னொரு பாதி. உப்பளத்தில் கூலி வேலை பார்த்த வேலம்மாளின் மகள். பொறியியல் கல்லூரியில் அவளோடு படித்த அருண்ராஜ் திண்டிவனத்துக்காரன். இருவரும் சென்னையில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் கரையோர நிலங்களைப் பற்றி அறிக்கை எழுதும் வேலையில் இருந்தார்கள். எழுதிய கரைகளை நேரில் பார்க்க நேரம் கிடைத்ததில்லை. வார விடுமுறைக்கு மரக்காணம் வந்துவிட்டு ஞாயிறு சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த பஸ்ஸில் ஏறாமல் விட்டார்கள். அடுத்ததையும் விட்டார்கள். அப்படித்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சிமெண்ட் கடையின் மாடியில் 'திறந்தவெளி கன்சல்டன்ட்ஸ்' தொடங்கியது. விடுதி கட்டுபவர்களுக்கும் இறால் பண்ணைக்காரர்களுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் எங்கே தண்ணீர் தேங்கும், எந்தக் கரையைக் கடல் தின்னும் என்று சொல்வது அவர்கள் வேலை. சென்னைக் கம்பெனிகள் எடுக்கும் வேலைகளை மரக்காணத்தில் இருந்தபடியே எடுக்க வேண்டும், ஆனால் உடம்பு வெயிலையும் காற்றையும் மறக்கக் கூடாது என்பது அவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. அதனால் காலை பத்து மணிக்கு முன் யாரும் உள்ளே வரக்கூடாது, நாலு மணிக்கு மேல் யாரும் உள்ளே இருக்கக்கூடாது. அருண்ராஜ் எக்கியார்குப்பத்துக் கடலில் நீந்தினான். மேரிசெல்வி கழுவேலி ஏரி ஓரமாக சைக்கிள் மிதித்தாள். யுவராணி உப்பள வரப்புகளில் நடந்தாள். எதிரே பலகையோடு உப்பு வாரிக்கொண்டிருந்த வேலம்மாள், பக்கத்துப் பாத்திக்காரிக்குக் கேட்கும்படி சொன்னாள்: "நாங்க காலம்பூரா போற வாக்கிங்குக்கு எவனும் கன்சல்டிங்னு பேரு வைக்கல."

வேலை வந்தது. வேலையோடு ஆசையும் வந்தது. சென்னைக் கட்டுமான நிறுவனம் ஒன்று கடலோரமாக ஒரு நகரத்தையே கட்டத் திட்டமிட்டு, அதற்கான ஆய்வறிக்கையை இவர்களிடமும் கேட்டது. "இந்த ஒரு வேலை மட்டும் அருண். இதை எடுத்துட்டா அப்புறம் எல்லாரும் நம்மளத் தேடி வருவாங்க. கடல் எங்கயும் ஓடிடாது" என்று யுவராணிதான் சொன்னாள். முதலில் நீச்சல் நின்றது. பிறகு நாலு மணிப் பூட்டு நின்றது. கணினித் திரையில் வெளிச்சம் விழுகிறது என்று ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினார்கள். அவன் மணிக்கட்டில் வெள்ளையாக ஏதோ பூத்தது. அவன் அதைத் தட்டிவிட்டு எழுதினான். பிறகு இமை ஓரத்தில் பூத்தது. யுவராணி பார்த்தாள். வரைபடங்கள் நன்றாக வந்துகொண்டிருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் உப்பான அன்று வந்து பார்த்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டு போனார். அறிக்கை முடிந்து திரையில் இருந்தது. யுவராணி அதை அனுப்பினாள். வேலை கிடைத்தது. அதற்குள் புரட்டாசி பிறந்து காற்றில் ஈரம் ஏறியது. உப்பள வீட்டில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அப்போது நடந்தது. விற்காத உப்பை மழைக்கு முன் அம்பாரமாகக் குவித்து, கீற்றுப் போட்டு மூடுவது அங்கே பழக்கம். உப்பை மழையில் விடுவது சோற்றை மண்ணில் கொட்டுவதற்குச் சமம். வேலம்மாள் தன் கூட்டத்துப் பெண்களோடு பனங்கீற்றைக் கட்டாகச் சுமந்து மாடியேறி வந்தாள். "மொதல்ல மூடு. அழுவறத அப்பறம் அழுவலாம்." யுவராணி அதற்கும் ஒரு படி மேலே போனாள். ஜன்னலைச் சுற்றி அடைத்து, இரவு பகலாக ஏசியை ஓடவிட்டு, மின்சாரம் போனால் இருக்கட்டும் என்று இன்வெர்ட்டரும் வைத்தாள். அறை எலும்பு மாதிரி உலர்ந்திருந்தது. அருண்ராஜ் ஒரு கல் குறையாமல் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த வருஷம் நோய்க்குப் பயந்து உலகமே அறைக்குள் உட்கார்ந்தபோது அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. வீடியோ கூட்டங்களில் யுவராணிக்குப் பின்னால் அசையாமல் தெரிந்தவனைப் பார்த்து, அவர் பக்கம் நெட் சிக்கிக்கொண்டது என்று வாடிக்கையாளர்கள் நினைத்தார்கள். விஷயம் தெரிந்தபோது மரியாதை கூடியது. கட்டுமான நிறுவனத்தின் மேலாளர் ராஜ்கமல் நேரில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "மேடம், இந்த டெடிகேஷன் எங்க ஆளுங்க ஒருத்தன்கிட்டயும் இல்ல. கூட்டிட்டு வந்து காட்டணும்." கூட்டிக்கொண்டும் வந்தார். நிறுவனம் கீழ்த்தளத்தையும் எடுத்து விரிந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பத்து மணி விதி இருந்ததே தெரியாது. யுவராணி கேட்டதெல்லாம் கிடைத்தது. ஒருநாள் மேரிசெல்வி புருவத்தைச் சொறிந்தபோது மேசையில் வெள்ளைத் தூள் உதிர்ந்தது. யுவராணி குனிந்து தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள்.

2021 ஐப்பசியில் மழை விடாமல் பிடித்தது. மின்சாரம் போய், இன்வெர்ட்டரும் அடங்கிய ஒரு மத்தியானம் அவள் அறைக்குள் போனாள். அருண்ராஜின் ஜன்னல் பக்கக் கன்னம் மட்டும் கசிந்திருந்தது. விரல் நுனியிலிருந்து சொட்டிய நீர் மேசையில் ஒரு கோடாக, தேங்காமல், ஜன்னலை நோக்கிப் போய், சுவரில் மேலேறி, அடைத்த இடுக்கில் நின்றிருந்தது. தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிப் பிழைப்பவள் அவள். சுவரில் மேலேறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, அவனை வெளியே கொண்டுபோகப் போவதாகச் சொன்னாள்.

"பைத்தியமாடி உனக்கு? கொட்டுற மழைல உப்ப எடுத்துகினு போறேங்கிற? ஒரு பொழுதுல போயிடும். அப்பறம் எதப் புடிச்சிகினு அழுவ?"

"இப்ப எதப் புடிச்சினு இருக்கேன்? நாற்காலியதானம்மா."

லோடு ஆட்டோவில் நாற்காலியின் ஒரு பக்கத்தை வேலம்மாள்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் முந்தானையால் அவன் தலையை மூடியபடி இருந்தாள். கை பழக்கத்தை விடவில்லை. உப்பளப் பாத்தியில் இறக்கியதும் யுவராணி அந்த முந்தானையை மெதுவாக விலக்கினாள். முதலில் காதுகள் போயின, பிறகு மூக்கு, பிறகு தட்டச்சு செய்யும் பாவனையில் இருந்த விரல்கள். கடைசியில் சட்டை தனியாக மிதந்தது. யுவராணி முழங்கால் தண்ணீரில் நின்று அதை எடுத்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் வெள்ளம் வரப்புகளை உடைத்து, கடலும் கழுவேலியும் உப்பளமும் ஒரே தண்ணீராயின. புருஷனை அவளே இரண்டாம் தரம் சாகடித்தாள் என்று ஊரில் பேசினார்கள். அவள் காதுபடவே பேசினார்கள். காட்டுவதற்கு ஆள் இல்லாத நிறுவனத்தில் ராஜ்கமலுக்கு அக்கறை குறைந்தது. ஒப்பந்தம் போயிற்று. கீழ்த்தளமும் போயிற்று. யுவராணி ஜன்னலில் இருந்த கறுப்புத் தாளைக் கிழித்து எறிந்தாள். பத்து மணிப் பூட்டையும் நாலு மணிப் பூட்டையும் மறுபடி போட்டாள். மேரிசெல்வியைத் தவிர எல்லோரும் வேறு வேலைக்குப் போனார்கள். தை மாதம் பாத்திகளைப் புதுசாக மிதித்துக் கெட்டிப்படுத்தும் நாளில், வரிசையில் முன்னால் நிற்பவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சேற்றை மிதித்தார்கள். யுவராணியும் மிதித்தாள். எதை மிதிக்கிறோமோ என்று ஒவ்வொரு அடிக்கும் அவளுக்குக் கால் கூசியது. யாரும் பாட்டுப் பாடவில்லை.

பங்குனியில் முதல் உப்பு வாரிய காலையில் வேலம்மாளின் குரல் சாலை வரை கேட்டது. "ஏய் யுவா! உங்கூட்டுக்காரரு வரப்புல குந்திகினு இருக்காரு. ஒரு லுங்கி எடுத்துனு ஓடியா!" அவன் உட்கார்ந்திருந்தான். தலைமுடி நனைந்திருந்தது. இடது காது மட்டும் வரவில்லை. வெள்ளத்தில் கழுவேலிப் பக்கம் போயிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் தனக்கு எப்போதும் கோரைக்குள் தண்ணீர் ஏறி இறங்கும் சத்தம் கேட்கிறது என்றான். யுவராணி அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள், சூடாக இருந்தது. விரலை நாக்கில் வைத்தும் பார்த்தாள். கரிப்புதான், ஆனால் மனுஷனுக்கு இருக்கும் கரிப்பு. "உன்னை உக்கார வச்சவ நான்தான், அருண்" என்றாள். "எழுப்பி விட்டவளும் நீதானே. பசிக்குது, வா" என்றான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும், முதல் பெருமழை அன்று, அருண்ராஜ் கையில் உள்ள வேலையை மேரிசெல்வியிடம் ஒப்படைத்துவிட்டு, செருப்பை வரப்பில் விட்டு, பாத்திக்குள் தானாகவே இறங்கிவிடுகிறான். சில வருஷம் எல்லாம் திரும்பி வருகிறது. ஒரு வருஷம் கட்டைவிரல் நகம் வரவில்லை, இன்னொரு வருஷம் கல்லூரி நாட்களில் பாதி வரவில்லை. யுவராணி அந்த நாட்களை அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். நிறுவனம் பெரிதாகவில்லை. ஆனால் கழுவேலியில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று கேட்க சென்னை வளசரவாக்கத்திலிருந்தும் ஆள் வருகிறது. மழைக்காலத்தில் அருண்ராஜுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறவர்களுக்குத் தானாக ஒரு பதில் போகும்: திரு. அருண்ராஜ் தற்போது கரைந்திருக்கிறார், பங்குனி முதல் வாரத்திலிருந்து பதிலளிப்பார், அவசரமானால் திருமதி யுவராணியை அணுகவும், காலை பத்து மணிக்கு மேல். யாரும் இதுவரை விளக்கம் கேட்டதில்லை. பெரும்பாலானவர்கள் பங்குனி வரை காத்திருக்கிறார்கள்.