பெயர் சொல்லும் வரை

சுருளிப்பட்டி சாலையில் ஈஸ்வரபாண்டியின் திராட்சைக் கிட்டங்கி இருக்கிறது. லோடு ஏறாத சனிக்கிழமை மாலைகளில் எங்களுக்குத் திறந்துவிடுவார். 1999இல் நானும் என் மனைவி தேவயானியும் அங்கே நாடகப் பட்டறை தொடங்கினோம். கம்பத்துப் பள்ளிகளில் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கும் பிள்ளைகள் வருவார்கள்.

எழுதிய வசனம் கிடையாது. ஊரில் யாராவது ஒருவரைப் பல நாள் கவனிக்க வேண்டும். பிறகு வட்டத்தின் நடுவே வந்து அவராக இருந்து காட்ட வேண்டும். பார்ப்பவர்களில் ஒருவர் அவர் பெயரைச் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. விதி தேவயானி போட்டது. அப்படிச் சேர்ந்த ஆட்களை வைத்துத்தான் ஆண்டுதோறும் நாடகம் கட்டினோம்.

2007 ஐப்பசியில் மூளைக்காய்ச்சலில் அவள் இறந்தாள். நான் தொடர்ந்து போனேன். சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகளே நடத்திக்கொண்டார்கள். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பட்டறை இன்றோடு முடிந்தது என்று சொல்லிவிடப் போனேன். எல்லோரும் செய்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

திலீபன் நடுவே வந்து, விசிலைக் கடித்தபடி இட்லி தின்று காட்டினான்.

"ஏலே, குமுளி வண்டி கண்டக்டரு. விசிலையும் சேத்து முழுங்கிறாத" என்று வட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

சிரித்தார்கள். அடுத்து அபிதா. பதினொன்றாவது படிக்கிறாள், எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவள்.

திராட்சைப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். இல்லாத பெடலை மிதித்து மொபெட்டைக் கிளப்பினாள். இரண்டு காலையும் தரையில் ஊன்றினாள். புறப்படவில்லை. தலையைப் பாதி திருப்பி, "ம்?" என்றாள். காத்திருந்தாள். பிறகு முன்னால் பார்த்து மெதுவாக வண்டியை விட்டாள்.

யாரும் பெயர் சொல்லவில்லை. மறுபடி கிளப்பினாள். எப்போதும் முந்திக்கொள்ளும் திலீபன் தரையைப் பார்த்தான். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. மறுபடியும் "ம்?" என்றாள். நிறுத்தவில்லை.

நான் அப்படிச் செய்கிறேன் என்பது எனக்குத் தெரியாது.

"செல்வமணி" என்று என் பெயரைச் சொன்னேன்.

அபிதா எழுந்துவிட்டாள். "தப்பா எடுத்துக்காதீகண்ணே. பால் ஊத்த வரையில தெனம் பாக்குறேன். வேற ஆளு மனசுல நிக்கல."

ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. தவறு இருந்தால் திருத்துவது எங்கள் வழக்கம். "தேவயானி அக்கா பின்னால ஏறினதும் தோள்ல கை வைப்பா. தோள் லேசா எறங்கும். அதுக்கப்புறம் கெளம்பணும்" என்றேன்.

அபிதா யோசித்தாள். "நான் பாக்கையில தோள் எறங்கலண்ணே."



"சரி. நீ செஞ்சதுதான் சரி" என்றேன்.

அடுத்த வாரம் யார் என்று திலீபன் கேட்டான். ஞானதுரை என்றேன். தனக்கு இன்னும் ஆள் அமையவில்லை என்று ஞானதுரை முனகினான். பஸ் ஸ்டாண்டில் போய் நில், அமையும் என்றேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

வெளியே பிள்ளைகள் சைக்கிளை எடுக்காமல் நின்றார்கள். என்னால் மொபெட்டில் ஏறி உட்கார முடியவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தேன், கிட்டங்கி கண்ணுக்கு மறைந்த பிறகும்.