எண்பதாம் ஆண்டுப் புலாவ்

எங்கள் கோக்தெராக் ஊரில் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துப் போனால் போனதுதான். திருட்டு என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஆட்கள் திருட மாட்டார்கள். திருப்பிக் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

நூலகத்துக்கு எண்பது வயது நிறையப்போகிற சமயம். நூலகர் மஸ்தூரா அக்கா ஆட்டுச் சந்தைக்குள் சேறு மிதித்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். நான் அங்கே தரகன். வாங்குபவன் கையையும் விற்பவன் கையையும் பிடித்துச் சேர்த்து, விலை படியும்வரை குலுக்குவதுதான் என் பிழைப்பு.

"தோஷ்மத், ஞாயித்துக்கெழம விழாவுக்கு மாவட்ட அதிகாரி நோதிர்பெக் வர்றாரு. அலமாரியெல்லாம் பாதிக்கு மேல காலி. பாத்தார்னா நூலகத்த மூடிட்டு, மிச்சப் புத்தகத்த லாரியில அள்ளிட்டுப் போயிருவாரு. ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டிட்டேன். ஒரு ஆள் எட்டிப் பாக்கல."

"என்னன்னு எழுதுனீங்க?"

"அபராதம் கெடையாது, எதுவும் கொண்டுவர வேண்டாம், புத்தகத்த மட்டும் குடுத்தா போதும்னு."

நான் பிடித்திருந்த கிடாவையே கைநழுவ விட்டேன். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தால் தெருவே பேசும் ஊர் இது. அக்காவுக்கும் அது தெரியும். கிண்ணம் வேறு, புத்தகம் வேறு என்று நினைத்துவிட்டார்.

"வருசக்கணக்கா வெச்சிருந்த பொருளோட வெறுங்கையா வரச் சொல்லிருக்கீங்க. மானம் உள்ளவன் வருவானாக்கா?"

"பெரிய மனசா எழுதுனேன்டா."

"பெரிய மனசுதான். சந்தையில அத யாரு கேக்கறா?"

அன்றைக்கே சந்தையில் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டேன்: நூலகத்தில் விழாப் புலாவுக்குப் பெரிய கொப்பரை அடுப்பில் ஏறுகிறது, புத்தகம் கொண்டு வருகிறவன் கொப்பரைக்கும் ஏதாவது கொண்டு வர வேண்டும்.

மறுநாள் காலையில் நூலக வாசலில் வரிசை. அரிசியோடு வரலாறு வந்தது, மஞ்சள் கேரட்டோடு கவிதை வந்தது. ரொட்டிக்கார அம்மா நாவல்களையும் சூடான ரொட்டியையும் ஒரே துணியில் கட்டி எடுத்து வந்தாள். ஒருவன் வடிவியல் புத்தகத்தோடு உயிருள்ள சேவலைக் கொண்டுவந்து மேசைமேல் நிறுத்தினான்.

"இத எந்த அலமாரியில வெக்கறது?" என்று அக்கா கேட்டார்.

கசாப்புக்கடை எர்காஷ் மட்டும் கொழுத்த செம்மறி ஒன்றை இழுத்து வந்தான். புத்தகத்தைக் காணோம்.

"ஆட்ட வெச்சுக்குங்க. ஆட்டு வளப்புப் புத்தகம் எங்கிட்டயே இருக்கட்டும். அதுல படமாப் போட்டிருக்கற கிடா எங்க தாத்தாவோடது."

"எனக்குப் புத்தகம் வேணும் எர்காஷ்" என்றார் அக்கா.

இருவர் கையையும் பிடித்தேன். குலுக்கத் தொடங்கினேன். அக்கா விடவில்லை, எர்காஷும் விடவில்லை, என் தோள்தான் கழன்றது. கடைசியில் படிந்தது: புத்தகம் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும், கிடா உள்ள பக்கம் திறந்தபடி, தாத்தாவின் பெயரோடு.

"ஆட்டையும் குடுத்துப் புத்தகத்தையும் குடுக்கறேன். இது என்னடா யாவாரம்?" என்று என்னைத் திட்டிக்கொண்டே எர்காஷ் புத்தகத்தை எடுக்க வீட்டுக்கு ஓடினான்.

ஞாயிற்றுக்கிழமை அலமாரிகளில் விரல் நுழைய இடமில்லை. முற்றத்தில் டோலக் முழங்க, கொப்பரை மணக்க, ஊரே ஆடியது. நோதிர்பெக் ஒரு நாவலை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"ரொட்டி வாசம் அடிக்குது. எல்லாம் விழாவுக்காக வந்ததுதானே அக்கா? நாளைக்கே மறுபடி எடுத்துட்டுப் போயிருவாங்க. எங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும். வர்ற வாரம் லாரி அனுப்பறேன்."

அக்காவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. நான் அதை வாங்கி, நூலகத்தின் நீலப் பீங்கான் தட்டில் புலாவைக் கோபுரமாகக் குவித்து, எர்காஷின் ஆட்டிறைச்சியை மேலே அடுக்கி, துணி கட்டி அவர் காரில் வைத்தேன். விழாச் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

"வீட்ல அண்ணிக்குக் குடுங்க. தட்டு நூலகத்தோடது. அவசரமில்ல, மெதுவாத் திருப்பிக் குடுங்க."

கார் போனதும் அக்கா சீறினார். "இருந்த ஒரே நல்ல தட்டும் போச்சு."

"போகட்டும்க்கா. திரும்ப வர்றப்ப அதுல என்ன இருக்கும்னு அவருதான் யோசிக்கணும்."

அடுத்த வாரம் சொன்னபடி லாரி வந்தது. அக்கா கதவை மறித்துக்கொண்டு நின்றார். லாரியின் முன்பக்கத்திலிருந்து நோதிர்பெக் இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவி, நீலத் தட்டோடு. தட்டு நிறைய அவள் கையால் கறி வைத்துச் சுட்ட சம்சா.

"புத்தகத்த அள்ளக் காலி லாரி அனுப்பறாராம்" என்றாள் அவள். "அவங்க புலாவத் தின்னுட்டு, தட்டோட சேத்து அலமாரியையும் காலியாக்கறதா? நாளைக்கு மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெக்கறதுன்னு கேட்டேன்."

நோதிர்பெக் காதைச் சொறிந்தார். "மூடறதப் பத்தி இனிமே பேச்சில்ல அக்கா. பின்னால குழந்தைங்க புத்தகம் இருக்கு. எல்லாம் புதுசு. ஆளுங்கள வுட்டு எறக்கிக்குங்க."

பெட்டிகள் இறங்கின. அக்கா ஒரு சம்சாவைக் கடித்தார், கண்ணைத் துடைத்தார், காலி லாரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சந்தைப் பக்கம் திரும்பி, "லாரி வெறுமையாப் போகக் கூடாது" என்று குரல் கொடுத்தேன்.

முலாம்பழங்கள் லாரியில் ஏற ஏற நோதிர்பெக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"வேண்டாம் அக்கா. இதுக்கு நான் மறுபடியும் எதையாவது கொண்டு வரணும்."

"வாங்க" என்றார் அக்கா. "பெரியவங்க அலமாரியில புத்தகமும் கொஞ்சம் பழசாத்தான் இருக்கு."