பொட்டலத்தின் தையல்

சாட்சி சொல்லக் கிளம்பிய காலையில் அம்மா வாசல்வரை வந்து ஒரே ஒரு புத்திமதி சொன்னாள். "கேட்டதுக்கு ஆமான்னு மட்டும் சொல்லிட்டு வா. அங்க போயி உன் வாயைத் திறந்துடாத."

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. தையல்கடை வைத்திருக்கும் அவள் மகளுக்குத் தெருவே கத்தரிக்கோல் என்று பெயர் வைத்திருந்தது. தொழிலுக்காக வைத்தார்களா, நாக்குக்காக வைத்தார்களா என்பது வைத்தவர்களுக்கே வெளிச்சம்.

இரண்டு வருடங்களுக்கு முன் ரயில் நிலையத்தில் குண்டு வெடித்துப் பதினொரு பேர் செத்தார்கள். அவளுடைய தம்பி பிழைத்துக்கொண்டான். வலது கால் முழங்காலோடு போயிற்று. நான்காம் நாள், அவள் கடைக்கு எதிர்மாடியில் குடியிருந்தவனைப் போலீஸ் பிடித்தது. அறையைச் சோதனை போடும்போது வெளியாள் ஒருவர் சாட்சியாக நிற்க வேண்டும் என்பது சட்டம். தெருவிலிருந்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அந்த நேரம் பார்த்துத் தலைபோகிற வேலை வந்துவிட்டது. கத்தரிக்கோல்தான் படியேறினாள்.

ஒரு சுருள் கம்பி, மூன்று பேட்டரி, ஒரு நோட்டுப் புத்தகம், ஜன்னலோரம் சார்ஜில் கிடந்த கைபேசி. பட்டியல் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். பொருள்களைத் துணிப்பையில் போட்டு வாயைத் தைக்க உட்கார்ந்த போலீஸ்காரர் இரண்டு தரம் விரலில் குத்திக்கொண்டார். அவளுக்குப் பொறுக்கவில்லை. "இங்க குடுங்க சார், சாக்கு மூட்டையா தைக்கிறீங்க" என்று பிடுங்கித் தானே தைத்தாள். முடிச்சுகளின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, இன்ஸ்பெக்டர் பித்தளை முத்திரையை அழுத்தினார். பிறகு அந்த முத்திரையை அவள் கையிலேயே கொடுத்தார்.

"இது எங்ககிட்ட இருந்தா பையை எப்ப வேணா பிரிச்சு மறுபடி ஒட்டிடலாமில்ல? அதுக்குத்தான் வெளியாள்கிட்ட குடுக்கறது. கேஸ் முடியற வரைக்கும் யார் கேட்டாலும் குடுக்காதீங்கம்மா."

பொத்தான் டப்பாவுக்குள் போட்டு வைத்தாள். மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் அதே இன்ஸ்பெக்டர் வந்து, ஒரு மணி நேரத்துக்கு முத்திரை வேண்டும் என்றார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ரத்தம் சொட்டச் சொட்டத் தம்பியைத் தூக்கி வண்டியில் ஏற்றிய மனிதர் அவர். எதிர்மாடிக்காரனை உள்ளே தள்ள எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்தாள். சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவளும் அதை மறந்துபோனாள்.

சாட்சிக் கூண்டில் ஏறினாள். எதிரே குற்றவாளிக் கூண்டில் அவன், தலையைக் குனிந்து நகத்தைப் பார்த்தபடி. கடைசி பெஞ்சில் தம்பி, ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்தபடி. அரசு வக்கீல் பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தார்.

"அன்னைக்கு உங்க முன்னாடி கட்டின பொட்டலம் இதுதானே?"

அரக்கு உடையவில்லை. முத்திரையும் அதேதான். ஆனால் அவள் கண் முதலில் போனது தையலுக்கு. இடதுகைக்காரியான அவள் போடும் தையல் எல்லாம் ஒரு பக்கம் சாயும். இந்தத் தையல் மறுபக்கம் சாய்ந்திருந்தது.

ஒரு மணி நேரம் எதற்கு என்பது அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் ஆத்திரமாக வந்தது, இன்ஸ்பெக்டர் மேல் பாதி, தன்மேல் மீதி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா சந்தோஷப்படுவாள். இரண்டு வருடமாக அந்த எதிர்மாடி ஜன்னலைப் பார்த்துப் பார்த்து அவள் சபிக்காத நாள் இல்லை. சபிக்கும்போதெல்லாம், இவன்தானா என்று ஒரு முள் உள்ளே குத்தும். கோர்ட் பார்த்துச் சொல்லட்டும் என்று அதைத் தள்ளித் தள்ளி வந்திருந்தாள். கோர்ட்டுக்கே பொய்யைக் கொடுத்துவிட்டால் அந்த முள்ளைச் சாகிறவரை யார் எடுப்பார்கள்?

"பை அதேதான் சார். தையல் என்னோடது இல்ல."

அரசு வக்கீல் முகம் வெளுத்தது. நீதிபதி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

"இருபது வருஷமா தைக்கிறேங்க. என் கை எனக்குத் தெரியாதா?" ரவிக்கையின் கை ஓரத்தை மடித்துக் காட்டினாள். "இது நான் தைச்சது. எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க."

எதிரித் தரப்பு வக்கீலம்மா துள்ளி எழுந்தாள். "முத்திரை உங்ககிட்டதானே இருந்துது? யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "இன்ஸ்பெக்டர் கேட்டார், குடுத்தேன். குடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சும் குடுத்தேன். என் தப்புதான்."

பின்னால் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவரும் மழுப்பவில்லை. பட்டியலில் எழுதிய கைபேசியைப் பைக்குள் போட மறந்து சட்டைப் பையிலேயே கொண்டுபோய்விட்டாராம். பிறகு பார்த்துப் பதறி, பிரித்து உள்ளே வைத்துத் தைத்தாராம். "வெளிய சொன்னா இவன் தப்பிச்சிடுவான்னு பயந்துட்டேன், ஐயா."

"இவர் தப்பிக்கறதுக்கு நீங்கதான் இப்போ வழி வெட்டிக் குடுத்திருக்கீங்க" என்றார் நீதிபதி.

வக்கீலம்மா முகத்தில் சிரிப்பு வந்தது. கத்தரிக்கோல் அதைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம்மா. நான் இன்னும் முடிக்கல. அந்த போன் ஜன்னலோரம் சார்ஜ்ல இருந்ததை இந்தக் கண்ணால பார்த்தேன். தையலை எழுதறப்போ அதையும் சேர்த்து எழுதிக்கோங்க." வக்கீலம்மாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

பையை எல்லோர் முன்னிலையிலும் பிரித்தார்கள். கைபேசியைத் தனியே வைத்து, அதை ஏற்பதா இல்லையா என்பதைப் பிறகு விசாரிப்பதாகவும், மற்றவற்றைப் புதிதாக ஆய்வுக்கு அனுப்புவதாகவும், இன்ஸ்பெக்டர் மேல் தனி விசாரணை என்றும் நீதிபதி உத்தரவு போட்டார். கோர்ட் சிப்பந்தி ஊசியில் நூல் கோக்கத் தடவிக்கொண்டிருந்தார். அவள் நீதிபதியைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். இறங்கிவந்து, ஒரு தையலுக்கு இரண்டாக இழுத்து இழுத்துத் தைத்தாள்.

அவள் கைப்பையில் கொண்டுவந்திருந்த முத்திரையை அரக்கின்மேல் அழுத்தினார்கள். இனி அதை யாரிடம் கொடுப்பது என்று நீதிபதி கேட்டார். வக்கீலம்மா கூண்டிலிருந்தவன் அருகே போய்க் குனிந்து ஏதோ கேட்டுவிட்டு வந்தாள்.

"இந்த அம்மாகிட்டயே இருக்கட்டும். இவங்க தம்பிக்குக் கால் போனது தெரிஞ்சுதான் சொல்றோம். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை."

கூண்டிலிருந்தவன் முதல்முறையாகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவளும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அந்த முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

வெளியே படிக்கட்டில் தம்பி காத்திருந்தான். "அக்கா, அவன் வெளிய வந்துட்டா?"

"அவன்தான்னா அதை ஒழுங்கா நிரூபிச்சு உள்ள வைக்கட்டும். எத்தனை தரம் கூப்பிட்டாலும் வந்து சொல்றேன்."

"அவன் இல்லன்னா?"

"அப்போ உன் காலை எடுத்தவன் இன்னும் வெளிய சுத்திட்டிருக்கான். அது நமக்குத் தெரிய வேண்டாமா?"

அவன் நான்கு படி இறங்கியதும் நின்று கையை நீட்டினான். "அந்த முத்திரையைக் குடு, பார்க்கறேன்."

அவள் கைப்பையின் வாயை இறுகப் பிடித்துக்கொண்டாள். "யார் கேட்டாலும் கிடையாது. பிடிச்சு இறங்கு."